வடக்குச் சுவர்ப் பெரணி

நவம்பர் 9

லேபுக்கு,

அன்புள்ள மருமகளே என்று எழுதலாமா என்று பத்து நிமிஷம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் மகனை விட்டுப் போனவளை அப்படிக் கூப்பிடலாமா, கூடாதா, தெரியவில்லை. அதனால் லேபில் வேலை செய்கிறவள் என்று நான் வைத்த பட்டப்பெயரிலேயே ஆரம்பிக்கிறேன். உன் புது நம்பர் என்னிடம் இல்லை. எங்கே தங்கியிருக்கிறாய் என்றும் தெரியாது. நீ வேலை செய்யும் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தின் முகவரி மட்டும் தெரியும். உறையின் மேல் ‘சொந்த விஷயம்’ என்று எழுதியிருக்கிறேன். மீறி யாராவது பிரித்துப் படித்தால் அவர்களுக்கும் ஒரு செடியைப் பற்றித் தெரிந்துவிட்டுப் போகட்டும்.

விஷயம் செடிதான். சமையலறை ஜன்னலுக்கு வெளியே, வடக்குச் சுவர் ஓரமாக, இரண்டு வருஷம் முன்பு நீ வைத்தாயே, அந்தப் பெரணி. தோட்டத்தில் மற்றதெல்லாம் பழுத்துக் கொட்டிவிட்டது. இது மட்டும் பச்சையாக நிற்கிறது. வெயில் ஒரு பொட்டு படாத இடம். எனக்குச் சந்தேகம் வந்து ஓர் இலையைக் கிள்ளிப் பார்த்தேன், பிளாஸ்டிக்கோ என்று. இல்லை. விரலில் ஈரம் ஒட்டியது.

ஏன் உதிரவில்லை? ஏதாவது நோயா? தண்ணீர் ஊற்றுவதா, நிறுத்துவதா? வெட்டிவிட வேண்டுமா?

நீ போய் ஏழு வாரம் ஆகிறது. போகும்போது என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதைக் கேட்பதற்கு இந்தக் கடிதம் இல்லை. கேட்கவும் மாட்டேன். செடிக்கு மட்டும் பதில் போடு.

இப்படிக்கு,
உன் (இங்கேயும் என்ன போடுவது என்று தெரியவில்லை)


நவம்பர் 17

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது.

நோய் இல்லை. அந்த வகையே அப்படித்தான். குளிர்காலம் முழுக்கப் பச்சையாக இருக்கும். உறைபனியைத் தாங்கும். வெயில் தேவையில்லை. மண் ஒரேயடியாகக் காயக் கூடாது, தண்ணீர் தேங்கவும் கூடாது. செடியின் நடுவில், காம்புகள் எல்லாம் வந்து சேரும் இடத்தை, மண் போட்டு மூட வேண்டாம். மூடினால் அழுகிவிடும். இப்போதைக்கு எதையும் வெட்ட வேண்டாம்.

வேறு சந்தேகம் இருந்தால் எழுதலாம். செடியைப் பற்றி என்றால் பதில் போடுவேன். வீட்டைப் பற்றியோ அவரைப் பற்றியோ எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நீர்ப் பரிசோதனைக் கூடம்,
இரண்டாம் மாடி


டிசம்பர் 1

லேபுக்கு,

மதிப்பிற்குரிய அம்மா அவர்களா? நான் என்ன கரண்ட் ஆபீஸா? மீட்டர் ஓடவில்லை என்று மனு போடுகிறாயா? நாலு வருஷம் ஒரே குழாயில் பல் துலக்கியிருக்கிறோம். ‘அத்தை’ என்று எழுத வரவில்லை என்றால் ஒன்றுமே போடாதே. மொட்டையாக ஆரம்பி. அது எவ்வளவோ மேல்.

நடுவில் மண் போடாதே என்றாய். போட்டுவிட்டேன். உன் கடிதம் வந்ததற்கு முந்தின நாள்தான், குளிருமே பாவம் என்று, இரண்டு கூடை மண்ணை அதன் தலையில் கொட்டினேன். படித்ததும் ஓடினேன். தையல் மிஷினுக்குள் பஞ்சு தட்டும் சின்னப் பிரஷ் இருக்கிறதே, அதை வைத்துக் காம்பு காம்பாகக் கூட்டி எடுத்தேன். ஒரு மணி நேரம். கோட்டுக்குக் கை குறைக்கக் கொடுத்திருந்த அம்மாள் வாசலில் வந்து நின்றாள். நான் செடிக்குத் தலை வாரிவிடுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். கோட்டைக்கூட வாங்காமல் திரும்பிப் போய்விட்டாள்.

நேற்றுக் காலை உறைபனி. இலையின் ஒவ்வொரு பல்லுக்கும் தனித்தனியாக வெள்ளை ஓரம் அடித்தது போல இருந்தது. முப்பத்தைந்து வருஷமாக ஓரம் அடிக்கிறேன், இப்படி ஒரு வேலை எனக்கு வராது. செடி விறைத்துத் தரையோடு படுத்துக் கிடந்தது. போச்சு என்று நினைத்தேன். பத்து மணிக்குப் பனி உருகியது. பதினொரு மணிக்குத் தொட்டால் இலை வளைந்து கொடுக்கிறது. பழைய பச்சை. பக்கத்தில் இருந்ததெல்லாம் அதே பனியில் கருகியிருக்கிறது. இது மட்டும் உள்ளே என்ன வைத்துக்கொண்டிருக்கிறது? ஏன் படுத்துக்கொண்டது? படுத்தது எழுந்திருக்குமா?

வீட்டைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை, கவனி. மிஷின் பிரஷ் வீட்டில் சேராது. அது தொழில்.

இப்படிக்கு,
மீட்டர் ஓடும் அம்மா


ஜனவரி 6

மொட்டையாகவே எழுதுகிறேன்.

சர்க்கரை. குளிர் முற்றுவதற்கு முன்பே இலைக்குள் கொஞ்சம் சர்க்கரை சேர்ந்துவிடும். அதனால் உள்ளே இருக்கும் நீர் சுலபத்தில் உறையாது. காம்பின் அடி அந்தச் சமயத்தில் தளர்ந்து கொடுக்கும், இலை சாய்ந்துவிடும். தரைக்குப் பக்கத்தில் காற்று குறைவு. படுத்துக்கொள்வது பிழைப்பதற்குத்தான். படுத்த இலை இனி எழுந்திருக்காது. ஆனால் பச்சையாக, வேலை செய்துகொண்டே படுத்திருக்கும்.

இதில் பாதி எனக்கே தெரியாது. உங்கள் கேள்விக்காகப் புத்தகம் எடுத்தேன். ஒரு பக்கம் பார்க்கப் போய் நாற்பது பக்கம் ஆகிவிட்டது. மதிய இடைவேளை முடிந்து மேலதிகாரி வந்து மேஜையைத் தட்டினார்.

பழைய இலைகளை இப்போதும் வெட்ட வேண்டாம். மார்ச்சில் நடுவிலிருந்து சுருள் சுருளாக எழும். எழுந்தவுடன் வெட்டிவிடுங்கள். முன்பே வெட்டினால் செடி பட்டினி. தாமதித்தால் கத்தரி புதுச் சுருளிலும் பட்டுவிடும். நடுவில் ஒரு வாரம்தான் அவகாசம்.


மார்ச் 24

லேபுக்கு,

எழுந்துவிட்டன. பதினொன்று. முதலில் கம்பளிப்பூச்சி என்று நினைத்துக் குச்சியால் தட்டப் போனேன். பழுப்பு ரோமம். ஒவ்வொன்றும் தலையை மார்புக்குள் செருகிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்க மாட்டேன் என்று நிற்கிறது.

ஜன்னல் பக்கத்துச் சுருள் ஒன்றுக்குச் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன். இல்லாவிட்டால் நேற்று அளந்தது எது, இன்று அளப்பது எது என்று குழம்பிவிடும். திங்கள், இரண்டே கால் அங்குலம். செவ்வாய், மூன்று. புதன் மழை, அளக்கவில்லை. வியாழன், நாலரை. மழைக்குக் காத்திருந்த மாதிரி ஒரு எம்பு எம்பியிருக்கிறது. டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு செடி முன்னால் குந்தியிருக்கிறேன். இதற்கு இடுப்பளவும் எடுக்கலாம் போலிருக்கிறது.

பழைய இலைகளை வெட்டிவிட்டேன். துணி வெட்டும் கத்தரியால். ஆமாம், அதே கத்தரி. நீ அதில் காகிதம் வெட்டினாய் என்று ஒரு வாரம் உன்னை முறைத்தேனே, அது. காம்பு வெட்டியதில் முனை மழுங்கிவிட்டது. உனக்கு இதைப் படித்தால் திருப்தியாக இருக்கும் என்பதற்காக எழுதுகிறேன்.

இப்போது கேள்வி. இலை முழுவதும் உள்ளே ஏற்கெனவே தைத்து மடித்து வைக்கப்பட்டிருக்கிறதா, இல்லை விரிய விரியத்தான் உண்டாகிறதா? மடித்து வைத்தது என்றால் மடிப்புத் தடம் இருக்க வேண்டும். எந்தத் துணியும் தடம் இல்லாமல் விரியாது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். தடம் இல்லை.

எப்படி?


ஏப்ரல் 2

நீங்கள் பார்த்தது சரி. மடிப்பே இல்லை.

சிற்றிலைகள் எல்லாம் உள்ளே பொடியாக ஏற்கெனவே இருக்கின்றன. தண்டின் வெளிப்பக்கம் வேகமாகவும் உள்பக்கம் மெதுவாகவும் வளர்வதால் அது சுருண்டுபோகிறது. பிறகு உள்பக்கம் வளர்ந்து வெளிப்பக்கத்தை எட்டிப் பிடிக்கிறது. பிடிக்கப் பிடிக்க நிமிர்கிறது. யாரும் பிரித்து விடுவதில்லை.

இரண்டு வருஷம் அந்த ஜன்னலில் நின்று பாத்திரம் கழுவியிருக்கிறேன். நட்டவளும் நான்தான். ஒரு தடவைகூட அளந்து பார்க்கத் தோன்றவில்லை.

சிவப்பு நூல் சுருள் இப்போது எவ்வளவு? ஓர் அட்டையில் எண்ணை மட்டும் எழுதிப் போட்டால் போதும்.

கத்தரிக்காக வருந்துகிறேன். கொஞ்சமாக.


ஜூலை 11

லேபுக்கு,

கையோடு பதில் வேண்டும்.

பூச்சி விழுந்துவிட்டது. இலையைத் திருப்பினால் அடியில் முழுக்க முட்டை. பழுப்பு நிறம். ஒவ்வொரு சிற்றிலையிலும் இரண்டு வரிசை, ஒரே இடைவெளி. கோட்டுக்குப் பொத்தான் வைத்தாற்போல. இவ்வளவு நேர்த்தியாக ஒரு பூச்சி முட்டையிடுமா என்று எனக்கே பொறாமையாக இருந்தது. ஆனாலும் விட முடியுமா? பஞ்சைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துத் துடைத்தேன். மூன்று சாயங்காலம். ஏழு இலை. ஒவ்வொரு புள்ளியாக. ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்றதை நகத்தால் சுரண்டினேன். சுவரோடு ஒட்டிய நாலு இலைக்குக் கை எட்டவில்லை. கழுத்து வேறு பிடித்துக்கொண்டது.

அந்த நாலுக்கு என்ன மருந்து அடிப்பது? உடனே எழுது. மீதியை நான் காப்பாற்றிவிட்டேன்.

இப்படிக்கு,
கழுத்தைத் திருப்ப முடியாதவள்


ஜூலை 16

அத்தை,

மருந்து வேண்டாம். எதையும் அடிக்காதீர்கள். அந்த நாலு இலையைத் தொடாதீர்கள்.

அது முட்டை இல்லை. பெரணிக்குப் பூ கிடையாது, காய் கிடையாது. அந்தப் பழுப்புப் புள்ளிகளுக்குள்தான் அதன் விதை மாதிரியான தூள் இருக்கிறது.

கடிதத்தைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் எதிர் மேஜைக்காரர் எழுந்து வந்துவிட்டார். “எங்க அத்தை ஒரு செடியோட பிள்ளைங்களை மொத்தமா சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி அனுப்பிட்டாங்க” என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் ‘எங்க அத்தை’ என்று வாயில் வந்திருப்பது தெரிந்தது. அதனால்தான் மேலேயும் எழுதியிருக்கிறேன். திருத்தவில்லை.

செடிக்கு ஒன்றும் ஆகாது. அடுத்த வருஷம் மறுபடி வைக்கும். ஆனால் அந்த நாலில் ஒன்றை வெட்டி, புள்ளிப் பக்கம் கீழே இருக்கும்படி வெள்ளைத் தாளில் வைத்து, மேலே இன்னொரு தாள் மூடி, ஒரு நாள் காற்றுப் படாமல் விடுங்கள். தாளில் என்ன இருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.

எனக்குத் தெரியும் என்ன இருக்கும் என்று. நீங்கள் அதைப் பார்த்து என்ன எழுதுவீர்கள் என்றுதான் தெரியவில்லை.

லேபு


ஆகஸ்ட் 5

அன்புள்ள லேபுக்கு,

இலையை எடுத்த பிறகும் தாளில் இலை இருந்தது.

வெள்ளைத் தாள் கிடைக்காமல், பாட்டர்ன் வரையும் தாளில் வைத்தேன். ஒரு கோட்டின் கையைப் பாதி வரைந்து விட்டுப்போன தாள். அந்தக் கையின் மேல், பழுப்புப் பொடியில், நரம்பு நரம்பாக, இலை தன்னைத் தானே வரைந்து வைத்திருக்கிறது. நான் மூச்சு விட்டதில் ஓர் ஓரம் கலைந்துவிட்டது. பிறகு வாயில் துணி கட்டிக்கொண்டு பார்த்தேன்.

பாதித் தூளை மடித்து இதோடு வைத்திருக்கிறேன். தும்மாமல் பிரி. மீதியை, நடுவில் நீ அனுப்பிய அட்டையில் எழுதியபடி முளைக்க வைத்தேன். செங்கல் துண்டு, கொதிநீர், ஆறியதும் தூள், கண்ணாடி ஜாடி. மூட வேண்டும் என்றாய். ஜாடியின் தகர மூடியைப் போட்டால் உள்ளே மூச்சு முட்டாதா? அதனால் மெல்லிய மல்துணியில் வட்டமாக வெட்டி, எலாஸ்டிக் வைத்து, ஒரு மூடி தைத்துப் போட்டிருக்கிறேன். அளவு கச்சிதம். தினமும் கழற்றிப் பார்க்கிறேன்.

இந்தத் தூளில் ஆண் எது, பெண் எது? எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதே. சூனியத்திலிருந்து வருமா?

அத்தை


அக்டோபர் 27

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் ஜாடியில் வெள்ளைப் பூஞ்சை படர்ந்துவிட்டது என்ற அட்டை கிடைத்தது. படராமல் என்ன செய்யும்? கொதிநீர் ஊற்றிச் சுத்தம் செய்த ஜாடிக்கு ஓட்டை ஓட்டையாக ஒரு தொப்பி தைத்துப் போட்டு, தினமும் அதைக் கழற்றி வேறு பார்த்தால்? ஜாடிக்குச் சட்டை தைக்க வேண்டும் என்று உலகத்தில் வேறு யாருக்காவது தோன்றியிருக்குமா என்று யோசிக்கிறேன்.

என் ஜாடியை இறுக மூடி, அறை ஜன்னலில் வைத்தேன். ஐந்து வாரம் ஒன்றும் இல்லை. பிறகு செங்கல்லில் பச்சைப் படலம். பாசி என்று நினைத்துக் கழுவிவிட இருந்தேன். எனக்கும் உங்கள் கை வந்துவிட்டது. இப்போது அந்தப் படலம் சின்னச் சின்னத் தகடுகளாகியிருக்கிறது. சுண்டுவிரல் நகத்தில் பாதி. இதய வடிவம். தண்டு இல்லை, இலை இல்லை, சுருள் இல்லை. பெரணியின் ஜாடை ஒரு துளிகூட இல்லை. ஒன்றை ஆபீஸ் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். ஒரே செல் கனத்தில், வெளிச்சம் புகுந்து போகிற பச்சை.

நீங்கள் கேட்ட ஆணும் பெண்ணும் தூளில் இல்லை. இந்தத் தகட்டின் அடியில், இரண்டும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. ஆனால் ஒன்று மற்றதிடம் போய்ச் சேர வேண்டுமென்றால் நடுவில் ஒரு மெல்லிய தண்ணீர்ப் படலம் வேண்டும். அதில் நீந்தித்தான் போகும். பக்கத்திலேயே இருந்தும், ஈரம் இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது. சேர்ந்தால், அந்தத் தகட்டிலிருந்து நிஜப் பெரணி எழும். தகடு வாடிவிடும்.

நாற்பதுக்கு மேல் இருக்கிறது. பாதி உங்களுடையது.

லேபு


நவம்பர் 8

அன்புள்ள லேபுக்கு,

அந்தத் தகடு பெரணிக்கு என்ன வேண்டும்? மகளா? மகளென்றால் ஜாடை இருக்க வேண்டாமா? அதிலிருந்து எழும் பெரணி பழைய பெரணிக்குப் பேத்தியா, இல்லை அதே ஆள்தானா? நானும் மூன்று நாளாக மிஷின் மிதித்துக்கொண்டே முறை வைத்துப் பார்க்கிறேன். ஒரு முறையும் பொருந்தவில்லை.

இதற்கு மேல் செடியைப் பற்றி எழுத முடியவில்லை. நீ சொன்ன வரம்பைத் தாண்டுகிறேன்.

வக்கீல் ஒரு தாள் அனுப்பியிருக்கிறார். விவாகரத்துக்கு நான் சாட்சி சொல்வது போல. அவன் அதைக் கொண்டுவந்து மிஷின் மேல் வைத்தான். “கையெழுத்துப் போடும்மா” என்றான். படித்துவிட்டுப் போடுகிறேன் என்றேன். “படிக்க என்ன இருக்கு, நடந்ததுதானே” என்று லிஃப்ட் ரிப்பேர் வேலைக்குக் கிளம்பிவிட்டான். நான் படித்தேன். ‘மனுதாரரின் மனைவி, வீட்டில் எவரிடமும் தெரிவிக்காமல் வெளியேறினார் என்பதை மனுதாரரின் தாயாகிய நான் அறிவேன்.’

தாள் நாலு நாளாகக் கத்தரிக்கு அடியில் இருக்கிறது. நடந்ததைத்தான் எழுதியிருக்கிறார்கள். கை மட்டும் போகவில்லை.

கேட்க மாட்டேன் என்றேன். ஒரு வருஷம் கேட்காமல் இருந்துவிட்டேன். இப்போது கேட்கிறேன். ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை? அவனிடம் சொல்ல முடியாது, சரி. நான் உனக்கு என்ன செய்தேன்?

அத்தை


நவம்பர் 13

அத்தை,

சொன்னேன்.

போன வருஷம் ஆகஸ்ட் கடைசி. பெரிய நீல சூட்கேஸ். ஜிப் பல் விட்டிருந்தது. உங்கள் மிஷின் மேல் கொண்டுவந்து வைத்தேன். “அத்தை, இதுக்கு ஜிப் மாத்தித் தர முடியுமா?” என்றேன். நீங்கள் டேப்பை எடுத்து நீளம் பார்த்தீர்கள். “வெள்ளிக்கிழமை தர்றேன்” என்றீர்கள். வீட்டில் யாரும் எங்கேயும் போகும் பேச்சே இல்லை. எங்கே போகிறாய் என்று நீங்கள் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை தந்தீர்கள்.

அன்றைக்கு அவர் என்னிடம் பேசி முப்பத்தொரு நாள். அதற்கு முந்தைய தடவை நாற்பது. எதற்காக என்று இரண்டு தடவையும் எனக்குத் தெரியாது. “அவனுக்கு டீ வேணுமான்னு கேட்டுட்டு வரேன்.” “கதவைச் சாத்தச் சொல்றான்மா.” நீங்கள்தான் நடுவில் நின்று கொண்டுபோய்க் கொண்டுபோய்க் கொடுத்தீர்கள். அவர் அடிக்கவில்லை. திட்டவில்லை. குடிக்கவில்லை. நான் யாரிடம் போய் என்னவென்று சொல்வது?

சூட்கேஸ் ரிப்பேர் செய்கிறவர் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரிலேயே இருக்கிறார். தினமும் அவரைத் தாண்டித்தான் ஆபீஸ் போனேன். நீங்கள் கேட்பீர்கள் என்றுதான் உங்களிடம் கொடுத்தேன்.

ஒரு சுருளில் மடிப்புத் தடம் இல்லை என்று பூதக்கண்ணாடி வைத்துக் கண்டுபிடிக்கிறவர் நீங்கள். அதனால்தான் எனக்கு ஆறவில்லை.

கையெழுத்துப் போடுங்கள். எனக்கு ஆட்சேபணை இல்லை. சீக்கிரம் முடிந்தால் போதும்.


டிசம்பர் 4

லேபுக்கு,

எனக்குத் தெரியும்.

அந்த சூட்கேஸில் பழையது பிளாஸ்டிக் ஜிப். ஊருக்குப் போய்த் திரும்பி வருகிறவளுக்கு அதுவே போதும். நான் கடை கடையாக ஏறிப் பித்தளை ஜிப் வாங்கினேன். இரட்டைத் தையல் போட்டேன். நடுவழியில் வாய் பிளந்துவிடக் கூடாது என்று. அப்படி நினைத்துத்தான் தைத்தேன், வாய்விட்டு நினைக்கவில்லை, அவ்வளவுதான். கேட்டால் நீ சொல்லியிருப்பாய். சொன்னால் உன்னைத் தடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அவனை உட்காரவைத்துக் கேட்க வேண்டும். இரண்டும் எனக்கு வராது. ஜிப் வைக்க வரும்.

உன் மாமா உயிரோடு இருந்தவரை அவரும் இப்படித்தான். வாரக்கணக்கில் பேச்சு இருக்காது. எனக்கு மிஷின் சத்தம் இருந்தது. உனக்கு இந்த வீட்டில் என்ன சத்தம் இருந்தது என்று நான் யோசித்ததே இல்லை.

தாளில் கையெழுத்துப் போடவில்லை. அவனிடம் சொல்லிவிட்டேன். “அவ சொல்லாமப் போகலைடா. எனக்குத் தெரியும். நான்தான் ஜிப் மாத்திக் கொடுத்தேன்.” அவன் சாவிக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். “தெரிஞ்சும் ஏம்மா என்கிட்டச் சொல்லலை?” என்றான். “நீ எப்பக் கேட்டே?” என்றேன். அறைக்குப் போய்விட்டான்.

ஒன்பது நாள் அப்படியே போனது. தட்டில் போட்டதைச் சாப்பிட்டான், தட்டைக் கழுவி வைத்தான். பத்தாவது நாள் மிஷினை நிறுத்தினேன். அவன் எதிரில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். “அந்த நேரத்துல உனக்கு என்னதான்டா ஆகும்?” என்று கேட்டேன். பதில் வரும்வரை எழுந்திருக்கவில்லை. தேதி குறித்த வேலை இரண்டு கிடந்தது, கிடக்கட்டும் என்று விட்டேன். இடுப்பு விட்டுப்போனது. பிறகு பேசினான். தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான், ஆனால் பேசினான். முப்பத்தாறு வயசில் முதல் தடவை.

அவன் சொன்னது அவனுடையது. உனக்குத் தெரிய வேண்டுமென்றால் எழுது. அவனைக் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

வக்கீல் அந்த வரியை எடுத்துவிட்டார். ‘இருவரும் சேர்ந்து வாழ இயலவில்லை’ என்று மட்டும் போட்டிருக்கிறதாம். அதற்கு என் சாட்சி தேவையில்லை. அடுத்த மாதம் முடிந்துவிடும் என்கிறார்.

ஆறாவிட்டால் பதில் வேண்டாம். நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

அத்தை


ஜனவரி 3

அன்புள்ள அத்தைக்கு,

நாலு வாரமாக எழுதி எழுதிக் கிழித்தேன்.

அவர் என்ன சொன்னார் என்று தெரிந்துகொள்ளத்தான் பேனாவை எடுத்தேன். எடுத்த பிறகு தெரிந்தது, வேண்டாம் என்று. அவர் பேசினார் என்பதே எனக்குப் போதும். அதில் சந்தோஷம், நிஜமாகவே. நான் திரும்பி வர மாட்டேன். இதையும் நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்லிவிடுகிறேன், இந்தத் தடவை வார்த்தையாலேயே.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு சூட்கேஸைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தேன். பித்தளைதான். இரட்டைத் தையல்தான். இரண்டு பேருந்து, மூன்று மாடி ஏறி வந்த பெட்டி. ஒரு பல் விடவில்லை. இவ்வளவு நாளும் அதைத் திறந்து மூடியிருக்கிறேன், பார்த்ததில்லை. கோபம் அப்போது தீரவில்லை. கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்து ஜிப்பை இப்படியும் அப்படியும் இழுத்துக்கொண்டிருந்தேன். எப்போது நிறுத்தினேன் என்று தெரியவில்லை.

பிறகு உங்கள் கடிதங்களைத் தேதி வாரியாகத் தரையில் பரப்பினேன். எங்கே பார்த்தாலும் கேள்விக்குறி. என் பதில்களின் நகல் என்னிடம் இல்லை, ஆனால் என்ன எழுதினேன் என்று தெரியும். ஒரு வருஷத்தில் நான் உங்களிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. சுருள் எத்தனை அங்குலம் என்று.

நாலு வருஷம் பக்கத்து அறையில் இருந்தேன். நீங்கள் எந்த வயதில் தைக்க ஆரம்பித்தீர்கள் என்று தெரியாது. யார் சொல்லிக்கொடுத்தார்கள், பிடித்துத்தான் கற்றுக்கொண்டீர்களா, தெரியாது. கழுத்து எத்தனை வருஷமாக இப்படிப் பிடித்துக்கொள்கிறது என்று தெரியாது. என்னைக் கேட்கவில்லை என்று உங்கள் மேல் வைத்த குற்றத்தை எடுத்து என் பக்கம் வைத்துப் பார்த்தேன். கச்சிதமாகப் பொருந்துகிறது.

தகடுகளிலிருந்து இலை எழுந்துவிட்டது. அது இருக்கட்டும்.

மாமாவைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். நான் அந்த வரியைத் தாண்டிப் போக முடியாமல் நிற்கிறேன். அதனால் கேட்கிறேன். யோசித்து, நீளமாக எழுதுங்கள்.

மாமா பேசாத அந்த நாட்களில், தைக்க வேண்டிய துணி எல்லாம் தைத்து முடிந்து, மிஷினையும் நிறுத்திய பிறகு, நீங்கள் என்ன செய்வீர்கள்?

லேபு